ஏழு பேருக்கு நூற்றைந்து லீட்டர்

நௌபீரின் டயர்க் கடைக்குப் பின்னால்
இஷாவுக்குப் பிறகு கூடினோம்.
அக்கரைப்பற்று முழுக்கக் கரண்ட் இல்லை.
போன் வெளிச்சத்தில்
பழைய கலண்டர்த் தாளின் முதுகில்
அவன் ஒரு பாலைவனம் கீறினான்.

எங்கட பக்கத்தில பாலைவனம் எங்க கிடக்கு
என்றாள் றிஸ்மியா.
பதினொரு வருசம் சவூதியில்
தண்ணி பௌசர் ஓட்டினவன் சொன்னான்:
ஆவணி மாசம் பாணமைக்கு அங்கால போய்ப் பாருங்க.
வில்லு வத்தி, சேறு வெடிச்சு,
மணல்மேடெல்லாம் கடலுக்கு முதுகு காட்டிப் படுத்திருக்கும்.
ஒட்டகம் மட்டும்தான் இல்ல.
அதுக்கு யானை கிடக்கு.

கணக்குக் கொப்பி என்னிடம்.
நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எழுதுவினைஞர் என்றால்
தண்ணீரைப் பங்கிடத் தெரியும் என்று
இவர்களுக்கு ஒரு நினைப்பு.
ஏழு பேர், மூன்று நாள், ஆளுக்கு ஐந்து லீட்டர்:
நூற்றைந்து.
வுளு எடுக்க? என்றார் இஸ்ஸதீன் சேர்.
அவ்வளவு மணலிருக்கே சேர், தயம்மும் செய்யலாம்.
ரேடியேட்டருக்கு?
அதுக்குத் தயம்மும் இல்ல.
நூற்றைந்தை வெட்டி நூற்றைம்பது என்றெழுதினேன்.

இரண்டு கெப், ஒரு பழைய லேண்ட் ரோவர்.
லேண்ட் ரோவர் ஹில்மியின் மச்சானுடையது.
மச்சானுக்கு இன்னும் தெரியாது.
கருவாடு வேண்டாம், வாசத்துக்குக் கரடி வரும்.
கருவாடு இல்லாமல் மூன்று நாளா,
அப்ப நான் கரடியோடயே பேசிக்கொள்ளுறன் என்றான் ஹில்மி.
இது அரை மணித்தியாலம் ஓடியது.
முடிவில் கருவாடு உண்டு, இறுக்கின டப்பாவில்.

தவேந்திரன் வாசலோடு இருந்தான்.
ஆறு வருசம் கண்ணிவெடி எடுத்தவன்.
இந்தச் சீமெந்துத் தரையில்கூட
பார்த்துத்தான் கால் வைப்பான்.
நௌபீரின் பென்சில் வளையும் இடமெல்லாம்
அவனுக்கு ஒரே கேள்வி:
இதில றோட்ட விட்டு இறங்கிறமா?

இறங்கத்தானே மச்சான் போறம் என்றான் நௌபீர்.
மறுகா கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
நுளம்புத்திரி மட்டும் சுற்றிச் சுற்றி
உள்ளே போய்க்கொண்டிருந்தது.

பிறகு நௌபீர் மணலின் சட்டங்களைச் சொன்னான்.
இறங்கமுன் டயர்க் காத்தப் பாதியாக் குறைக்கோணும்.
ஒருத்தன்தான் முன்னுக்கு.
அவன்ட சில்லுத் தடத்திலதான்
பின்னுக்கு வாறவன் வரோணும்.
ஒரு சாண் விலகினாலும் புதைஞ்சிருவான்.
முன்னுக்குப் போறவன் அவசரப்படாதவனா இருக்கோணும்.

தவேந்திரன் சிரித்தான்.
அவன் பல்வரிசையை அன்றைக்குத்தான் கண்டேன்.
இந்தச் சட்டமெல்லாம் எனக்குப் பாடம்டா, என்றான்.
முன் கெப்பில் அவன் பெயரை எழுதினேன்.

ஒன்றை நான் சொல்லவில்லை.
போன ஆடியில்
உகந்தை தொடங்கிக் குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை என்று
அந்தக் காடு முழுக்க நடந்து கடந்தவள் நான்.
கதிர்காமம் போகிற கூட்டத்தோடு,
தோளில் ஒரு பை,
ஒன்றரை லீட்டர்ப் போத்தல் ஒன்று.
முடிந்த இடத்தில் முகம் தெரியாத ஒருத்தி
தன் போத்தலைச் சரித்து ஊற்றினாள்.
அந்தக் கணக்கை
எந்தக் கொப்பியிலும் போட முடியாது.
நூற்றைம்பதை வெட்டவில்லை,
வாகனங்களுக்கும் தாகம் உண்டுதானே.

எழும்பும் நேரம் தவேந்திரன் கேட்டான்:
காத்தக் குறைக்கிறது சரி,
திரும்பி றோட்டுக்கு ஏறக்குள்ள
ஆர் அடிக்கிறது காத்து?

நாற்பது டயருக்கு நடுவில்
ஒருவருக்கும் பதில் இல்லை.
அப்போதுதான் கரண்ட் வந்தது.
மூலையில் கம்பிரசர் தானாக உறுமிற்று.
எல்லாரும் துள்ளினோம்.
அவன் மட்டும் துள்ளவில்லை,
தரையைப் பார்த்து நின்றான்.

கைப்பம்ப் ஒன்று, என்று எழுதி
அடிக்கோடிட்டேன்.